லிஸ்பனில் ஏது புழுக்கம்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் பத்திரிகையின் பழைய வாசகன். கப்பலில் வேலை பார்த்த காலத்தில், நான் ஊரில் இல்லாத ஒன்பது பத்து மாதத்து ஞாயிறு இணைப்புகளையும் என் மனைவி அரிசி டிரம்மின் மேல் அடுக்கி வைத்திருப்பாள். லீவில் வந்ததும் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு தேதி வரிசையில் படித்து முடிப்பேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு இணைப்பில் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரம் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்தது. நல்ல கட்டுரைதான். ஆனால் நடுவில் ஒரு வாக்கியம்: "அக்டோபர் மாதத்தின் புழுக்கமான மாலைகளில் ஆற்றங்கரையில் அமர்ந்திருப்பது தனி சுகம்." இரண்டு தடவை படித்தேன். புழுக்கத்தில் என்னய்யா சுகம்? எங்கள் தூத்துக்குடியில் தென்மேற்குக் காற்று நின்று, வடகிழக்கு இன்னும் தொடங்காத நாட்களில் இலை அசையாது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கரண்ட் போனால் வீட்டில் சண்டையே வரும். அதற்குப் பெயர்தான் புழுக்கம். புழுங்கல் அரிசியும் அதே புழுக்கத்தில் பிறந்ததுதான். அண்டாவில் நெல்லைப் போட்டு மூடி வேகவைக்கிறோமே, அது. உங்கள் கட்டுரையாளர் லிஸ்பன்காரர்களை அந்த அண்டாவுக்குள் இறக்கிவிட்டார்.

லிஸ்பனுக்கு நான் நான்கு முறை போயிருக்கிறேன். அதில் ஒரு முறை அக்டோபர். கப்பல் ரிப்பேருக்காகப் பன்னிரண்டு நாள் கிடந்தது. சாயங்காலம் சட்டைக்கு மேல் ஒன்றும் போடாமல் நடக்கலாம், வியர்க்கவும் வியர்க்காது. ஆற்றிலிருந்து மெல்ல ஒரு காற்று வரும். அந்த ஊரில் புழுக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சந்தேகம் தீராமல் என் பேத்தியிடம் சொன்னேன். அவள் போனில் தேடி, அந்தக் கட்டுரையின் ஆங்கில மூலத்தை எடுத்துக் கொடுத்தாள். நான் நினைத்த சொல்தான் இருந்தது. எழுத்துக்கூட்டினால் 'பால்மி' (balmy). வாயில் சொல்லும்போது 'பாமி'. மொழிபெயர்த்தவருக்கு அந்தச் சொல்லில் சூடு இருப்பது தெரிந்திருக்கிறது. என்ன மாதிரிச் சூடு என்பதில்தான் வழுக்கிவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அதே சொல்லுக்கு ஒரு வருடத்துக்கும் மேலாக 'குளிர்' என்று அர்த்தம் வைத்துக்கொண்டிருந்தவன் நான்.

அந்தக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

1978-ல் பம்பாயில் ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக் கப்பலில் கலாசியாக ஏறினேன். எனக்கு அப்போது 22 வயது. அதிகாரிகள் எல்லாம் வெள்ளைக்காரர்கள், டெக்கில் நாங்கள். எங்களுக்குத் தலைவரான சாரங் ரத்னகிரிக்காரர். எனக்கு ஹிந்துஸ்தானி அரைகுறை, ஆங்கிலம் கால்வாசி. பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். காதில் விழும் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, சூழ்நிலையைப் பார்த்து நானே எதிரே அர்த்தம் எழுதிவிடுவேன். அகராதி வாங்கப் பணம் இல்லை என்பது ஒரு காரணம். அகராதி எதற்கு, கண் இருக்கிறதே என்ற திமிர் இன்னொரு காரணம்.

ஜூன் மாதம் தேம்ஸ் ஆற்றில் டில்பரி துறைமுகத்தில் கட்டியிருந்தோம். இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம். கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, கப்பல் ஓரத்துக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்று, "பாமி ஈவினிங்" என்றார். கப்பலில் ஏறும் கேங்வே படிப் பக்கத்தில் நான் காவல் நின்றேன். உடம்பில் இரண்டு சட்டை, அதற்கு மேல் சாரங் கொடுத்த பழைய ஸ்வெட்டர். அப்படியும் பல் அடித்தது. வெப்பம் ஒரு 17 டிகிரி இருந்திருக்கும். தூத்துக்குடிக்காரன் பிறந்ததிலிருந்து பார்த்தறியாத குளிர். இவரும் குளிரைத்தான் சொல்கிறார் போலிருக்கிறது என்று நோட்டில் எழுதினேன்: பாமி என்றால் குளிர்.

அடுத்த ஜனவரியில் போலந்தின் கதான்ஸ்க் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றப் போனோம். 1979 பிறந்த அந்தப் பனிக்காலத்தை 'நூற்றாண்டின் குளிர்காலம்' என்று போலந்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். மைனஸ் 12 என்று, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜிலிருந்து சொன்னார்கள். கப்பலைக் கட்டுவதற்கு முன்தளத்தில் நின்றோம். கயிறு கட்டை மாதிரி விறைத்துவிட்டது, மடக்கினால் ஐஸ் பொருக்கு உதிர்ந்தது. என் பக்கத்தில் நின்ற ஒருவன் தஸ்தானாவை, அதாவது கையுறையை, கழற்றிவிட்டுக் கயிறு இழுக்கும் வின்ச் எந்திரத்தின் பிடியைத் தொட்டான். கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் ஒரு எட்டணா அகலத்துக்கு இரும்பிலேயே தங்கிவிட்டது. ரத்தம்கூட உடனே வரவில்லை. சாரங் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அந்த நேரம் பார்த்து அதே மேட், காதை மூடிய குல்லாவோடு முன்தளத்துக்கு வந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னார்: "பாமி மார்னிங்!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டில் எழுதியது சரியாகப் போயிற்று. இன்னும் ஒரு கோடு சேர்த்தேன்: பாமி என்றால் கடுங்குளிரும்தான்.

அந்த வருட டிசம்பரில் கொழும்பு வெளித்துறையில் நங்கூரம் போட்டிருந்தோம். சாயங்காலம், 27 டிகிரி. கரையிலிருந்து ஏதோ தாளிக்கும் வாசம். எனக்கு வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது, சட்டையே போடவில்லை. மேட் வந்தார். ஆகாயத்தைப் பார்த்தார். மூச்சை நன்றாக இழுத்துவிட்டார். "பாமி." நான் குழம்பிப்போனேன். இந்த மனிதருக்கு இப்போது எங்கே குளிர்கிறது?

மார்க்கோனி சாப் என்று நாங்கள் கூப்பிடும் ரேடியோ ஆபீசர் மங்களூர்க்காரர், பொறுமைசாலி. நோட்டை அவரிடம் காட்டினேன். ஐந்து நிமிடம் சிரித்தார். அப்புறம் தன் மேஜை டிராயரைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். மஞ்சள் தைலம், அமிர்தாஞ்சன். "இது என்ன?" என்றார். "தலைவலித் தைலம்." "லேபிளைப் படி." பெயின் பாம் என்று இருந்தது. "அந்த பாம்தான் இந்த பாமி. தலைவலிக்கு இதைத் தடவினால் எப்படி இருக்குமோ, அப்படித் தடவிக்கொடுக்கிற காற்று. கதான்ஸ்கில் உங்கள் மேட் சொன்னது நக்கல்."

இந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்ல நினைப்பது முக்கால்வாசி அந்தப் புட்டிக்குள்ளேயே இருக்கிறது. மீதியை ஓய்வுபெற்ற பிறகு, பேத்தியின் கல்லூரி அகராதிகளை இரவல் வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டேன். செங்கடலின் இரண்டு கரைகளிலும் ஒரு புதர்ச்செடி உண்டு. பட்டையைக் கீறினால் மணமுள்ள பிசின் வடியும். பழைய காலத்தில் ஏகப்பட்ட விலை. அதைக் கிரேக்கர்களும் ரோமானியர்களும் பால்சமம் என்கிற மாதிரி ஒரு பெயரில் வாங்கினார்கள். பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்தபோது வழியிலேயே 'ல்' தேய்ந்துவிட்டது. பின்னால் வந்த படிப்பாளிகள் லத்தீன் மூலத்தை நினைத்து எழுத்தில் மட்டும் அதைத் திரும்பச் சொருகினார்கள். அதனால்தான் எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. (அமெரிக்காவில் பலர் எழுதியபடியே 'ல்' சேர்த்துச் சொல்கிறார்கள்.) முதலில் மணம், பிறகு புண்ணுக்குப் பூசும் மருந்து, அதற்கும் பிறகுதான் காற்றுக்கும் மாலைக்கும் வந்தது. ஆகவே பாமி என்று ஒருவர் சொன்னால் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் தோலைக் கேட்டுச் சொல்கிறார். டில்பரியில் 17 டிகிரி அவருக்குத் தைலம், எனக்கு நடுக்கம். கொழும்பில் 27 எங்கள் இருவருக்குமே தைலம். 35 டிகிரியில் யாரும் அந்தச் சொல்லை நிஜமாகச் சொல்ல மாட்டார்கள்.

நான் பிற்பாடு சுக்கானியாகி, பிரிட்ஜில் சுக்கான் பிடித்து நின்றேன். (இந்தச் சொல்லை ஆங்கிலேயர்கள் 'சீகன்னி' என்று திரித்து அகராதியிலேயே சேர்த்துவிட்டார்கள். கடல்கன்னி என்று நினைத்துவிடாதீர்கள், மீசை வைத்த ஆள்தான்.) சுக்கானிக்குக் கை வேலை அதிகம், வாய்க்கு வேலை கிடையாது. காது மட்டும் சும்மா இருக்காது. நாலு மணி நேர வாட்ச் வேலையில் அதிகாரிகள் பேசுவது, ரேடியோவில் வருவது எல்லாம் விழும். அப்படிக் கேட்டதில் ஒன்று தெரிந்தது: வானிலையை வேலையாகச் செய்கிறவர்கள் வாயில் பாமி வராது. பிரான்சிஸ் போஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805 வாக்கில் காற்றுக்கு எண் போட்டார், பிற்பாடு அது 0 முதல் 12 வரை என்று நிலைத்தது. அதில் 'ஜென்டில்' என்றால் எண் 3, மணிக்கு 7 முதல் 10 கடல் மைல் (நாட்) வரை. 'மாடரேட்' என்றால் எண் 4, 11 முதல் 16 நாட். மென்மைக்கும் மிதத்துக்கும்கூட அளவு உண்டு, பாமிக்குக் கிடையாது. கப்பலின் தினக்குறிப்பான லாக் புத்தகத்தில் வானத்தை ஒற்றை எழுத்தில் குறிப்பார்கள். நீல வானத்துக்கு பி, மூடிய வானத்துக்கு ஓ, மழைக்கு ஆர். வானம் கறுத்து மிரட்டினால் யு. அது 'அக்ளி'யின் முதல் எழுத்து, அசிங்கம் என்று அர்த்தம்! அசிங்கமான வானத்துக்கு அரசாங்கமே ஓர் எழுத்து ஒதுக்கியிருக்கிறது. இதமான காற்றுக்கு ஒதுக்கவில்லை. அதனால் கப்பலுக்கு ஆபத்தில்லை என்பதால் இருக்கலாம்.

'மைல்ட்' என்ற சொல்லையும் இதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. இங்கிலாந்து ரேடியோவில் டிசம்பர் மாதம் அடிக்கடி வரும் சொல் அது. இன்று எதிர்பார்த்த அளவு குளிர் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். மேகம் மூடி, தூறல் விழுந்துகொண்டிருந்தாலும் மைல்ட்தான். அதில் சந்தோஷம் கிடையாது, ஆறுதல் மட்டும் உண்டு. காரம் குறைந்த குழம்பையும் மைல்ட் என்பார்கள். எங்கள் பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரர், அதிகாரிகளுக்கு என்று தனியாகச் செய்யும் அந்த மைல்ட் குழம்பை நாய்கூட முகர்ந்து பார்க்காது.

இன்னொரு குழியும் இருக்கிறது. 'பார்மி' (barmy) என்று ஒரு சொல். கிறுக்கன் என்று பொருள். லண்டன் பக்கத்து ஆட்கள் நடு 'ர்' சொல்வதில்லை என்பதால் இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி விழும். அந்தக் காலத்தில் கிறுக்கனுக்கும் பாமி என்றே எழுதியவர்கள் உண்டு. ஆனால் வேர் வேறு. பார்ம் என்பது பீருக்கு மால்ட் புளிக்கும்போது மேலே பொங்கும் நுரை. நம் பக்கம் கள்ளுப் பானையில் பொங்குமே, அது மாதிரி. நுரை தலைக்கேறியவன் பார்மி. இங்கிலாந்து கிரிக்கெட் அணி போகும் ஊரெல்லாம் பின்னாலேயே போய்ப் பாட்டுப் பாடும் ரசிகர் கூட்டத்துக்கு 'பார்மி ஆர்மி' என்று பெயர் வந்தது இதனால்தான். கென்ட்காரரான ஒரு மூன்றாம் மேட், இரவு இரண்டு மணிக்கு நான் டெக்கில் துணி துவைப்பதைப் பார்த்து, "யூ ஆர் பார்மி" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதற்குள் எனக்கு மார்க்கோனி சாப் பாடம் நடத்தியாகிவிட்டதே! இதமானவன் என்று பாராட்டுகிறார் என்று நினைத்து, "தேங்க்யூ சார், யூ ஆல்சோ" என்றேன்.

சரி, தமிழுக்கு வருகிறேன். உங்கள் உதவி ஆசிரியர் 'அப்படியென்றால் என்னதான் எழுதுவது?' என்று கேட்பார், நியாயமான கேள்வி. முதலில் கைக்கு வருவது 'இதமான'. தொண்ணூறு சதவீதம் அது போதும். இதமான மாலை, இதமான காற்று. ஆனால் உங்கள் பத்திரிகையில், உங்களுடையதில் மட்டும் இல்லை, எல்லாவற்றிலும், இதமும் மிதமும் ஒன்றாகிவிட்டன. 'ஊட்டியில் மிதமான வானிலை நிலவியதால் சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி' என்று ஒரு படத்துக்குக் கீழே படித்தேன். மிதம் அளவுச் சொல். வானிலை ஆய்வு மையம் 'லேசானது முதல் மிதமான மழை' என்று தினமும் சொல்கிறதே, அதில் மிதமான மழைக்குக் கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. 60 மில்லிமீட்டர் மழையில் நனைந்தவனிடம் போய் இதமாக இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். இதம் உடம்பும் மனசும் சொல்வது. அளவாக இருப்பதெல்லாம் சுகமாக இருந்துவிடாது.

இதமான என்பதிலும் ஒரு குறை இருக்கிறது. அதில் சூடு தெரியவில்லை. இதமான காற்று என்றால் நாம் குளிர்ச்சியாகத்தான் நினைத்துக்கொள்கிறோம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் சாரலோடு வருகிற காற்று நமக்கு இதம். ஆங்கிலேயருக்கோ இளஞ்சூடாக இருந்தால்தான் பாமி. நம்முடைய வெயில் அப்படி, நாம் குளிர்ச்சியைத்தான் நல்லதற்கெல்லாம் வைத்திருக்கிறோம். கப்பலில் என் கையில் கிடைக்கும் ஒவ்வொரு கடிதத்திலும் என் அம்மா சொல்லி எழுதவைத்த வரி ஒன்று இருக்கும்: 'உன் லெட்டர் வந்து வயிறு குளிர்ந்தது.' இதை ஒரு தடவை சக கலாசி ஒருவன் மேட்டுக்கு விளையாட்டாக மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டான். அவர் உண்மையாகவே கவலைப்பட்டு, உன் அம்மாவுக்கு வயிற்றில் என்ன என்று கேட்டார்.

சூட்டைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. 'வெதுவெதுப்பு' இருக்கிறது, அது குளிக்கிற தண்ணீரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'கதகதப்பு' இருக்கிறது, அதில் சுகமும் சூடும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அது கம்பளிக்குள்ளும் மடியிலும் இருப்பது, காற்றாட வெளியில் இருப்பதில்லை. மார்கழிக் காலையில் திண்ணையில் விழுகிற வெயிலை 'இளவெயில்' என்கிறோமே, பாமிக்கு மிக அருகில் நிற்பது அதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் மாலையில் இளவெயில் கிடையாது. 'இளஞ்சூடான காற்று' என்று எழுதலாம், கொஞ்சம் பால் காய்ச்சுகிற மாதிரி தோன்றும். எங்கள் கடற்கரையில் ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர் உண்டு: வாடை, கொண்டல், கச்சான், தென்றல். கச்சான் அடித்தால் மண்ணை வாரி முகத்தில் எறியும், அதை எந்த மொழியிலும் பாமி என்று சொல்ல முடியாது. தென்றல் பொருந்தும்தான். ஆனால் அது தெற்கிலிருந்து வருவது. லிஸ்பன் ஆற்றங்கரையில் எந்தத் திசைக் காற்று வீசுகிறது என்று தெரியாமல் தென்றல் என்று எழுத என் மனம் ஒப்பாது. சுக்கான் பிடித்தவனுக்குத் திசை விஷயத்தில் இந்தப் பிடிவாதம் இருக்கும்.

ஆகவே ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டாமல், இடத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். லிஸ்பனுக்கு 'குளிரும் இல்லாத, வியர்க்கவும் வியர்க்காத மாலை' என்று நான்கைந்து சொல்லில் எழுதினாலும் பாதகமில்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றுதான் வேண்டும் என்று கட்டாயமா என்ன?

நக்கலுக்கும் ஒரு கண் வைக்கச் சொல்லுங்கள். சைபீரியா பற்றிய ஆங்கிலச் செய்தியில் 'பாமி மைனஸ் 20' என்று வந்தால் அது கதான்ஸ்க் மேட்டின் பாமி. அதை 'இதமான மைனஸ் 20 டிகிரி' என்று அப்படியே இறக்கினால் படிக்கிறவன் என் நோட்டு மாதிரிதான் ஆவான்.

நக்கல் இல்லாமல், நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொல்லும்போதும் சில சமயம் இடிக்கிறது. 2019 பிப்ரவரி 26-ம் தேதி லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவானது. பிரிட்டனில் குளிர்கால மாதம் ஒன்றில் அதுவரை அவ்வளவு வெப்பம் பதிவானதே இல்லை. அங்கே நர்ஸாக இருந்த என் தங்கை மகள் பூங்காவில் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிடும் படம் அனுப்பினாள், கீழே அதே சொல்தான்: பாமி. அன்று இரவே வடக்கே சேடில்வொர்த் மேட்டுநிலம் தீப்பிடித்து எரிந்தது. பிப்ரவரியில்! தைலம் தடவுகிற காற்றுதான், ஆனால் அந்த மாதத்தில் வரவேண்டிய காற்று இல்லை. அந்தப் படத்துக்கு நான் பதில் அனுப்பவில்லை. லாக் புத்தகமாக இருந்தால் எந்த எழுத்தைப் போட்டிருப்பார்களோ தெரியாது.

பத்திரிகையில் இடம் சுருக்கம் என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் வயிறு, கள்ளுப் பானை, ஏன் கதான்ஸ்க் கதையைக்கூட வெட்டிவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன். அடுத்த ஞாயிறு ஒரு மூலையில் இரண்டு வரித் திருத்தம் மட்டும் போடுங்கள்: லிஸ்பனில் புழுக்கம் இல்லை. தூத்துக்குடியில்தான் இருக்கிறது. இந்தக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை கரண்ட் போய்விட்டது, தாளில் கை பட்ட இடத்தில் மை கலைந்திருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுக்கானி,
தூத்துக்குடி.

(பெயர் வெளியிட வேண்டாம். அந்த மூன்றாம் மேட் இன்னும் உயிரோடு இருந்தால், அன்று நான் சொன்னது வாழ்த்து என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.)